எலும்பும் தோலுமாக வந்த நாய் உடம்பு தேற: கொருக்குப்பேட்டை நண்பருக்கு ஒரு பதில்

சென்னை கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்தில் சுருண்டு கிடந்த நாயைத் தூக்கி வந்து நாலு நாள் ஆகிறது, பெட்டை, இரண்டு வயது இருக்கலாம், விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம், முதல் நாள் மீந்த பிரியாணியும் பாலும் வைத்தபோது அள்ளி விழுங்கியது, ராத்திரியே வாந்தி, அதற்கப்புறம் எதை வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, எடை 9.5 கிலோ. பசி எடுக்க டானிக் இருக்கிறதா, சீக்கிரம் சதை பிடிக்க என்ன போடலாம். இதுதானே நீங்கள் கேட்டது?

முதலில் அந்த 'சீக்கிரம்' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த மாதிரி நாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தேற்றி அனுப்புகிறேன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டினி கிடந்த நாய்க்குப் பட்டினியைவிட ஆபத்தானது அதைத் தூக்கி வந்த முதல் வாரத்தில் நாம் படும் இரக்கம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. நான் எடுத்து வந்த முதல் நாய்க்குப் பால், பிரட், டீக்கடைப் பொறை, வெள்ளைச் சோறு என்று கேட்கக் கேட்கப் போட்டேன். வாலை ஆட்டி ஆட்டித் தின்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காலை கால் பின்னியது, உடம்பு நடுங்கியது, சாயங்காலம் வலிப்பு, ராத்திரி போய்விட்டது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றே பல நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு கால்நடை மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார். நீண்ட நாள் பட்டினியில் உடம்பு கொழுப்பையும் தசையையும் எரித்து உயிர் வாழப் பழகியிருக்கும். திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய உள்ளே போனால் இன்சுலின் குபீரென்று சுரக்கும், ரத்தத்தில் ஏற்கெனவே குறைவாக இருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சரிந்ததும் இதயத் துடிப்பு தடுமாறும், தசை வேலை செய்யாது, சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்ட மனிதர்களுக்கு வயிறாரச் சோறு போட்டபோது பலர் இப்படித்தான் இறந்தார்கள். நாய்க்கும் அதே கணக்குதான்.

ஆகவே முதல் வாரத்துச் சாப்பாட்டை மருந்து மாதிரி அளந்து கொடுக்க வேண்டும். ஒரு நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். உங்கள் நாய்க்கு 285, அதோடு 70, ஆக 355. இன்றைய எடைக்குத்தான் கணக்கு, இருக்க வேண்டிய எடைக்கு இல்லை. முதல் நாள் இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 முதல் 120 கலோரி. இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ முழுசு. ரொம்ப மோசமான நாய் என்றால் இதையே ஏழு, பத்து நாளாக இழுக்கச் சொல்வார்கள். 120 கலோரி என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு அவித்த முட்டை, அதோடு உள்ளங்கையில் அடங்கும் அளவு வெந்த கோழிக்கறி, 30 கிராம். அவ்வளவேதான். அதையும் ஒரே வேளையில் இல்லை, நாலைந்து வேளையாகப் பிரித்து. வீட்டில் பெரியவர்கள் "பாவம்டா, இன்னும் கொஞ்சம் வையேன்" என்பார்கள். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நீங்கள்தான் காவல் நிற்க வேண்டும்.

உங்கள் நாய் ஒரு நாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பிறகு மூன்று நாள் ஒன்றுமே தின்னவில்லை. எனவே கணக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சாப்பிடத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். அதிலிருந்து ஐந்து நாளைக்குக் கண்ணை அதன்மேலேயே வையுங்கள். நடை தள்ளாடுவது, தசை துடிப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, இதில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே ஆட்டோ பிடியுங்கள். அப்புறம் ஒரு விஷயம், நம்ம பக்கம் எல்லோரும் செய்வது: சோர்ந்த நாய்க்குத் தண்ணீரில் குளுக்கோஸ் பவுடர் கரைத்து ஊற்றுவது. செய்யாதீர்கள். சுத்தமான சர்க்கரை அது, மேலே சொன்ன ஆபத்துக்கு நேர் வழி. டாக்டரிடம் போனாலும் "குளுக்கோஸ் ஏத்துங்க சார்" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம், நாய் எத்தனை நாளாகப் பட்டினி என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், எதை ஏற்றுவது என்று அவர் முடிவு செய்யட்டும்.

டாக்டரிடம் கட்டாயம் போகத்தான் வேண்டும், அதுவும் நாளைக்கே. மூன்று நாளாக ஒரு நாய் சாப்பிடவில்லை என்றால் அது அடம் இல்லை, நோய். உங்களுக்கு வேப்பேரி பக்கம்தான். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட்டால் ரத்தப் பரிசோதனை வரை அங்கேயே பார்க்கலாம். கூட்டம் இருக்கும், ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப்போங்கள். முடியவில்லையென்றால் பக்கத்தில் இருக்கிற தனியார் கிளினிக்கானாலும் சரி, ஆனால் ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடும் இடமாக இருக்கக் கூடாது. கேட்க வேண்டியது: முழு ரத்த எண்ணிக்கை, ரத்தப் பூச்சில் (ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பது) உண்ணிக் காய்ச்சல் கிருமி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல், முடிந்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம், மலப் பரிசோதனை. கொஞ்சம் மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் வேலை மிச்சம்.

சென்னையில் ஒல்லியாக, சாப்பிடாமல், மந்தமாக ஒரு நாய் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சல்தான். எர்லிக்கியா, பபீசியா என்று வேறு வேறு கிருமிகள், பெரும்பாலும் கொண்டுவருவது அதே பழுப்பு நிற நாய் உண்ணி. வெயில் ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் பாருங்கள். உண்ணி இப்போது இல்லையென்றாலும் காய்ச்சல் இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். வெளுத்த சுவர் மாதிரி இருந்தால் ரத்தசோகை, மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலை. அடிவயிற்றில் கொசு கடித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், இவை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்ததன் அடையாளம். தெர்மாமீட்டரில் 101-லிருந்து 102.5 டிகிரி வரை நாய்க்குச் சாதாரணம், மனிதக் கணக்கை வைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பகுதியில் மழைத் தண்ணீர் தேங்கி எலி ஓடும் தெரு என்றால் எலிக் காய்ச்சலையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். அது நமக்கும் தொற்றும், எனவே அதன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது, யார் கடித்தது என்று தெரியாத நாய். தாடை தொங்கி எச்சில் ஒழுகுகிறது, தண்ணீரை விழுங்க முடியவில்லை, குரைக்கும் குரலே மாறிவிட்டது என்றால் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் அமைதியாக இருக்கும், ஆவேசமாக ஓடிக் கடிக்காது. ஏற்கெனவே பல்லோ நகமோ பட்டிருந்தாலும், கீறலில் எச்சில் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். உங்கள் நாய் தண்ணீர் குடிக்கிறது, வாலை ஆட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலும் அது இல்லை. இருந்தாலும் இதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

சரி, இப்போது பசி. 'சாப்பிடவில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன. சாப்பிட ஆசை இருக்கிறது, ஆனால் முடியவில்லை: கிட்டே வரும், வாயில் எடுக்கும், கீழே போடும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும். பல் சொத்தை, நாக்கில் புண், தாடையில் அடி இருக்கலாம். இரண்டாவது குமட்டல்: மோந்து பார்க்கும், உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், முகத்தைத் திருப்பும், சில சமயம் எழுந்தே போய்விடும். மூன்றாவது பயம்: நீங்கள் இருக்கும்போது தட்டைப் பார்க்காது, விளக்கணைத்துவிட்டு வந்தால் காலையில் தட்டு காலி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை, கொஞ்சம் மூன்றாவதும் கலந்திருக்கலாம்.

குமட்டல் இருக்கிற நாய்க்குப் பசி டானிக் ஊற்றி ஒன்றும் ஆகாது. கடையில் கொடுக்கும் லிவர் டானிக்கைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, நாலு பாட்டில் ஊற்றியும் பார்த்திருக்கிறேன். குமட்டலை நிறுத்தும் மருந்தை டாக்டர் கொடுப்பார், ஊசியாகவோ மாத்திரையாகவோ, அது வேலை செய்த ஒரு மணி நேரத்தில் தட்டுக்கு வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் பசி வரவில்லை என்றால் பசியைத் தூண்டும் மாத்திரைகளும் உண்டு, டாக்டர் எடையைப் பார்த்து எழுதித் தர வேண்டியவை. பி12 ஊசியும் சில நாய்களுக்கு நல்ல பலன் தரும்.

இதில் பலரும் செய்கிற தப்பு சிரிஞ்சில் கஞ்சியை அடித்து வாயில் பீய்ச்சுவது. இரண்டு கெடுதல். ஒன்று, சோர்ந்த நாய்க்கு அது மூச்சுக்குழலில் போனால் நிமோனியா. இன்னொன்று, குமட்டும்போது வலுக்கட்டாயமாக ஊட்டிய சாப்பாட்டின் வாசனையை நாய் மறக்காது, உடம்பு சரியான பிறகும் அந்தச் சாப்பாட்டைக் கண்டாலே ஓடும். நமக்கே காய்ச்சலில் குடித்த கஞ்சி வாசனை வருஷக்கணக்கில் பிடிக்காமல் போவதில்லையா, அதேதான். இதே காரணத்துக்காகத்தான் மாத்திரையைச் சாப்பாட்டில் கலக்கக் கூடாது என்பதும். ஒரு கசப்பு தெரிந்துவிட்டால் அந்தத் தட்டு முழுக்கச் சந்தேகம். மாத்திரைக்குத் தனியாக ஒரு சின்ன ஈரல் துண்டு, சாப்பாடு வேறு.

பயத்துக்கு மருந்து இடம்தான். வடசென்னை வீடுகளில் தனியறைக்கு எங்கே போவது, எனக்குத் தெரியும், ஆனால் மாடிப்படிக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், ஒரு மூலையில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டால்கூடப் போதும். முதுகுப் பக்கம் சுவர் இருக்க வேண்டும், ஆட்கள் தாண்டிப் போகிற வழியாக இருக்கக் கூடாது. எவர்சில்வர் தட்டு வேண்டாம். தெருவில் வளர்ந்த நாய் காகிதத்திலும் இலையிலும் மண்ணிலும் தின்று பழகியது, அந்தத் தட்டு தரையில் நகர்ந்து கர்ரென்று சத்தம் போட்டாலே பின்வாங்கும். எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒன்று இருந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்தது, வயிறு முழுக்க வெள்ளத்தில் கலந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு, 8 கிலோ. மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. நாலாம் நாள் என் மகள் ஒரு பழைய தினத்தாளை விரித்து அதில் கறியைப் போட்டாள், தின்றுவிட்டது. நான் படித்த அத்தனை கட்டுரைகளிலும் அது இல்லை.

சாப்பாட்டை வெதுவெதுப்பாகக் கொடுங்கள், உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சூட்டில்தான் வாசனை கிளம்பும், நாய்க்கு வாசனைதான் ருசி. வைத்துவிட்டுத் தள்ளிப்போங்கள், முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இருபது நிமிஷத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக. நாள் முழுக்கச் சோறு கண்முன்னால் கிடந்தால் நாய்க்கு அது சோறாகவே தெரியாது, ஈயும் எறும்பும்தான் வரும். வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள், விடியற்காலையும் இருட்டிய பிறகும்தான் வாய் திறக்கும்.

என்ன போடுவது? உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழியிலிருந்து தொடங்குங்கள். கோழிக்கடையில் நாய்க்கு என்று சொன்னால் கால், தலை, கழுத்து சல்லிசாகக் கொடுப்பார்கள். நானும் வாங்குவேன், ஆனால் குக்கரில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாற்றை எடுத்துக்கொண்டு எலும்பை எறிந்துவிடுவேன். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். அந்தச் சாறு ஆறியதும் ஜெல்லி மாதிரி உறையும், சாப்பாட்டின்மேல் ஒரு கரண்டி சூடாக்கி ஊற்றினால் முகத்தைத் திருப்பிய நாய் திரும்பிப் பார்க்கும். ஈரல் வாசனைக்கு ராஜா, ஆனால் தினமும் ஒரு சுண்டு விரல் அளவுக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமானால் வேறு தொந்தரவு. உங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாங்குவீர்கள் என்றால் அது இன்னும் நல்லது, கொழுப்பை மட்டும் முதல் இரண்டு வாரம் நீக்கிவிட்டுப் போடுங்கள், வாந்தி எடுத்த வயிறு கொழுப்பைத் தாங்காது.

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீனை விடுவானேன். கவலை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் குக்கரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால் முள்ளே மெத்தென்று நசுங்கும், விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட வேண்டாம், சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, பட்டினி நாய்க்கு ஏற்கெனவே பி1 பஞ்சம். கருவாடு? வாசனைக்கு நாய் ஓடி வரும்தான், உப்பு அதிகம், வேண்டாம்.

முட்டை வேகவைத்து, ஒன்று. பரங்கிக்காய் வேகவைத்து மசித்து ஒரு ஸ்பூன், மலம் கட்டும். தயிர் ஒரு ஸ்பூன். சோறு மூன்றாம் நாளுக்குமேல் குழைய வேகவைத்துக் கொஞ்சமாகச் சேருங்கள், முழுக்கச் சோறாக ஆக்கிவிடாதீர்கள். பால் நிறைய நாய்களுக்குச் செரிக்காது, பேதியாகும், பேதியில் ஏறிய எடையும் போய்விடும். கடையில் விற்கிற உலர் தீவனம் போட வசதி இருந்தால் அதில் சத்துக் கணக்கு ஒழுங்காக இருக்கும். குட்டிகளுக்கான வகை கலோரி அதிகம், வெந்நீரில் ஊறவைத்து, பழைய சாப்பாட்டோடு ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

பிரியாணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரமும் கொழுப்பும் ஒரு பக்கம், உண்மையான பிரச்சினை வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்திருந்தாலும் அதே. நல்ல நாய் கொஞ்சம் தின்றால் தாங்கிக்கொள்ளும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு வீட்டுக் குழம்புச் சோறே தினம் போட்டால், ஒரு பக்கம் கிருமி உடைக்கிறது, இன்னொரு பக்கம் நாம் உடைக்கிறோம். குழம்பு ஊற்றிய சோறு, சால்னா, எதுவும் வேண்டாம். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் கிட்டேயே வரக் கூடாது. பிஸ்கட்டும் பொறையும் மைதாவும் சர்க்கரையும்தான், வயிறு நிரம்பும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. நம் வீட்டுக் காய்ச்சல், வலி மாத்திரையும் கூடாது. இபுப்ரோஃபென் ஒன்று போதும் வயிற்றில் புண்ணாக்க, சிறுநீரகத்தையும் அது விடாது.

உண்ணிக் காய்ச்சல் என்று வந்தால் டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள், வழக்கமாக 28 நாள். அதை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வர வாய்ப்பு அதிகம், தின்ன ஆரம்பித்த நாய் மறுபடி தின்னாமல் போவதற்கு அது பெரிய காரணம். கொஞ்சம் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், பால் தயிரோடு வேண்டாம், கொடுத்த பின் ஒரு வாய் தண்ணீரோ சாறோ குடிக்கவையுங்கள், தொண்டையில் ஒட்டி நின்றால் புண்ணாகும். பத்தாம் நாள் நாய் துள்ளும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள்.

பூச்சி மருந்தும் டாக்டர் சொல்லும் நாளில்தான். நாய் ஓரளவு நிமிர்ந்த பிறகு கொடுப்பதுதான் பலர் வழக்கம், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஒரு தடவை. கொக்கிப் புழு இருந்தால் அது ரத்தத்தையே குடிக்கும், நீங்கள் போடும் கறியெல்லாம் அதற்குத்தான் போகும். மலம் தார் மாதிரி கறுத்து இருந்தால் சொல்லுங்கள். முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம், உடம்பில் கொழுப்பே இல்லாத நாய்க்குக் குளிர் தாங்காது.

இரண்டாம் வாரத்திலிருந்துதான் எடை ஏற்றும் வேலை. வாந்தி பேதி இல்லாமல் 355 கலோரி தங்குகிறது என்றால் மூன்று நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இந்த நாய் 14 கிலோவில் நிற்க வேண்டியது என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் தினம் 700 கலோரிக்குப் பக்கம் போகலாம்: 200 கிராம் வெந்த கோழி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சோறு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், பரங்கிக்காய், தயிர், மூன்று வேளையாக. எலும்பில்லாமல் வீட்டுச் சாப்பாடு மட்டும் போட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும், முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்து நாளைக்கு அரை டீஸ்பூன் சேருங்கள், கிரியாட்டினின் சரியாக இருந்தால் மட்டும். எனக்கு வந்த நாய்கள் இந்தக் கட்டத்தில் வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் ஏறியிருக்கின்றன. ஒரு வாரம் ஏறாமல் நிற்கும், கவலைப்பட வேண்டாம், இரண்டு வாரம் நின்றால் டாக்டர்.

எடை பார்ப்பது தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று உங்கள் எடையைக் கழித்தால் அரை கிலோ முன்பின் ஆகும். நான் எங்கள் தெரு முனைக் காயலான் கடையில் பழைய பேப்பர் நிறுக்கும் மெஷினில் ஏற்றுவேன், கடைக்காரரே இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் "என்னம்மா, நாயை இன்னும் காணோம்" என்று கேட்கிறார். அதோடு மேலிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ. தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாட்டு நாய் லாப்ரடார் மாதிரி உருண்டு திரண்டு இருக்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுக வேண்டும், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அவ்வளவு வந்தால் போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டை நாய் இனத்தின் ரத்தம் கலந்ததென்றால் கடைசி இரண்டு விலா எப்போதுமே தெரியும். முதலில் ஏறுவது தொப்பைதான், தசை நடந்தால்தான் வரும், எனவே மூன்றாம் வாரத்திலிருந்து காலையில் பத்து நிமிஷம் மெல்ல நடக்கவிடுங்கள், ஓடவிடாதீர்கள்.

பசி வந்து, நிறையத் தின்று, எடை மட்டும் ஏறவில்லை என்றால் அது வேறு கதை. மலம் குவியலாக, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு நாளைக்கு நாலு தடவை போனால் கணையம் செரிமானச் சாறு சுரக்கவில்லை என்று சந்தேகம் வரும். தண்ணீர் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை நோய். இவையெல்லாம் சாப்பாட்டைக் கூட்டித் தீர்கிற விஷயம் இல்லை.

பசி திரும்பும்போது இன்னொரு குணமும் வரும், தட்டுக்குக் கிட்டே போனால் உறுமும். பட்டினியைப் பார்த்த நாய் அப்படித்தான். அடிக்காதீர்கள், தட்டைப் பிடுங்கிப் 'பழக்க' வேண்டாம். அது தின்னும்போது தள்ளி நின்று ஒரு கறித்துண்டை வீசிவிட்டுப் போய்விடுங்கள், நாள் போகப் போக மனுஷன் வந்தால் இன்னும் கிடைக்கும் என்று புரிந்துகொள்ளும். உங்கள் அக்கா பிள்ளைகள் சின்னவர்கள் என்று எழுதியிருந்தீர்கள், நாய் சாப்பிடும் நேரம் அவர்கள் வேறு பக்கம் இருக்கட்டும். படுக்க மடித்த சாக்கின்மேல் பழைய புடவை, வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் எலும்பு முட்டும் இடமெல்லாம் புண்ணாகும்.

கருத்தடைக்கு இப்போது அவசரப்பட வேண்டாம், உடம்பு தேறி ரத்த எண்ணிக்கை சரியான பிறகு புளியந்தோப்பில் மாநகராட்சி மையம் இருக்கிறது. அதற்கு முன் காதைப் பாருங்கள், நுனியில் வெட்டு இருந்தால் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடலாம் என்று நாளைக்குப் போகும்போதே கேட்டு வையுங்கள்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரை ஒரே தடவையில் நிறைய வைக்காமல் அரை டம்ளர் அரை டம்ளராக வையுங்கள். ஒரு காகிதத்தில் ரெண்டு ஸ்பூன் கோழி, சாறு ஊற்றி, விளக்கைக் குறைத்துவிட்டு வந்துவிடுங்கள். தின்னவில்லை என்றால் விட்டுவிடுங்கள், காலையில் வெறும் வயிற்றோடு வேப்பேரி. ஈறு என்ன நிறம், சிறுநீர் என்ன நிறம், உண்ணி இருந்ததா, இந்த மூன்றையும் ரத்த ரிப்போர்ட்டோடு எழுதுங்கள், முதல் வாரத்துச் சாப்பாட்டைக் கிராம் கணக்கில் போட்டுத் தருகிறேன்.